பவளத் தீவுகளின் சதுப்புச் சேம்பு

சேம்பு, கருணை, சேனை ஆகிய கிழங்குகளை அறியாத குடியானவர் நம் நாட்டில் இரார். வாய்க்காற் கரையிலும் கிணற்றடியிலும் கழிவுநீர் பாயும் கொல்லையிலும் இவை தாமாகவே செழித்து வளர்வதைக் காண்கிறோம். தாவர சாஸ்திரிகள் இவற்றையெல்லாம் சேம்புக் குடும்பம் என்னும் ஒரே வகுப்பில் சேர்த்திருக்கின்றனர். அக்குடும்பத்தில் உஷ்ணப் பிரதேசத்துச் சதுப்பு நிலங்களுக்கே உரியதாய் ஸிர்டோஸ்பெர்மா என்றொரு இனம் உண்டு. அதன் உட்பிரிவுகள் பன்னிரண்டுக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். அவற்றிற் பெரும்பாலானவை புதுக்கினியாத் தீவின் காட்டுச் சதுப்புகளில் வளர்பவை. மனிதனுக்கு ஆகாரமாவது அவற்றுள் ஒன்றே. அந்த ஒன்று, ஆறும் குளமும் வயலும் இல்லாத சின்னஞ்சிறு பவளத் தீவுகளில் பல தலைமுறைகளாக ஜனங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அவ்வாறு காப்பாற்றியது செடியின் குணத்தால் மட்டுமன்று, குடியானவனின் உழைப்பாலும் ஆகும். அது எவ்வாறு என்பதை விவரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினத்துக்குப் பெயரிட்டவர் வில்லியம் கிரிஃபித் என்னும் ஆங்கிலேய வைத்தியர். இவர் 1832ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து கம்பெனியாரின் சென்னைச் சேவையில் உதவி வைத்தியராக அமர்ந்தவர். வைத்தியத்தைவிடச் செடிகொடிகளிலேயே அதிகக் கவனம் செலுத்தி, அஸ்ஸாம், பர்மா, பூட்டான், மலாக்கா முதலிய இடங்களில் அலைந்து ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சேகரித்தார். 1845இல் மலாக்காவில் காலஞ்சென்றார். அவருடைய குறிப்புகள் அவர் இறந்த பிறகே அச்சேறின. ஸிர்டோஸ்பெர்மா என்னும் பெயரும் 1851இல் அவ்வாறே வெளிவந்தது. விதை வளைந்திருத்தலால் ‘வளைவிதை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அவர் அப்பெயரை அமைத்தார்.

செடியின் தோற்றம் நம் சேம்பைப் பன்மடங்கு பெரிதாக்கியது போன்றது. இலை அம்பின் நுனி போன்ற வடிவமுடையது. பின்புறத்து இரு காதுகளும் நீண்டு கீழ்நோக்கி இருக்கும். நம் சேப்பிலையில் காம்பு இலையின் அடிப்பரப்பில் சற்று உள்ளே தள்ளிப் பொருந்தியிருக்கும். இதிலோ இரு காதுகளும் பிரியும் பிளவிலேயே காம்பு சேர்கிறது. இவ்வொரு குறிப்பைக் கொண்டே இரண்டையும் வேறு பிரித்து அறியலாம். காம்பின் அடிப்பகுதியில் முட்கள் உண்டு. நல்ல நிலத்தில் வளர்ந்த செடி பத்துப் பன்னிரண்டு அடி உயரம் எழும்பும். அதன் கீழே ஒருவன் மழைக்கு ஒதுங்கி நிற்கலாம். நிலத்தடியில் இருப்பது வேரன்று, பருத்த தண்டே. அத்தண்டுக்கிழங்கு ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போகும். பல ஆண்டு விட்டுவைத்த கிழங்கு 100 ராத்தலுக்கு மேலும் நிறை காண்பதுண்டு.

இச்செடிக்குத் தீவுக்குத் தீவு பெயர் வேறு. கிரிபாட்டி நாட்டில் (எழுத்து இவ்வாறிருப்பினும் அந்நாட்டார் கிரிபாஸ் என்றே உச்சரிப்பர், முற்காலத்தில் கில்பர்ட் தீவுகள் எனப்பட்டது) பபாய் என்பர். முன்பு எல்லிஸ் தீவுகள் எனப்பட்டு 1978இல் சுதந்திரம் பெற்ற துவாலுவில் புலாகா என்பர். போன்பேயில் முவாங் என்றும், யாப்பில் லாக் என்றும், பலாவுவில் பிராக் என்றும் வழங்கும். பலாவு, யாப் முதலிய மலைத்தீவுகளில் மலையடிச் சதுப்புகளிலேயே இதை நட்டுவிடலாம். சேம்பு வயல்களைப் பேணுதல் அங்கே பெண்டிரின் வேலை, பெண்டிரின் பெருமை. நமக்கு அண்மையில் இலங்கையில் சிங்களர் கொஹிலா என்று கறி சமைக்கும் முள்ளுடைய சதுப்புச் செடி இதற்கு நெருங்கிய உறவு. ஆயினும் அது வேறு இனம். அதன் தண்டும் இளந்தளிரும் கறிக்கு ஆகுமேயன்றி, முக்கிய ஆகாரமாகத் தக்க பெருங்கிழங்கு அதற்கில்லை.

மலையில்லாத பவளத் தீவுகளின் நிலைமை வேறு. அங்கேதான் இப்பயிரின் அருமை விளங்கும்.

நீர் இருக்கும் இடம்

பவளத் தீவு என்பது கடலுக்கு நடுவே வளையம் போலக் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. பெரும்பாலும் கடல்மட்டத்துக்குப் பத்தடிக்கு மேல் உயர்வதில்லை. அகலம் சில நூறு கஜமே உள்ள இடங்கள் பல. மண் என்று நாம் சொல்லுவது அங்கே இல்லை. பவளமும் சிப்பியும் நொறுங்கிய சுண்ண மணலே உண்டு. பெய்த மழை ஓடையாக ஓடாமல் அப்படியே மணலுக்குள் இறங்கிவிடும். அவ்வாறு இறங்கிய நல்ல நீர், கனம் குறைந்ததாகையால், மணலின் உள்ளே ஊடுருவியிருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. தீவின் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை மூக்குக்கண்ணாடியின் வில்லைக்கு ஒப்பிட்டு நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே நாற்பது அடி வரையில் அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணித முறை. நடைமுறையில் அவ்வளவு ஆழம் கிடைப்பதில்லை. ஏனெனில் ஐம்பது அறுபது அடி ஆழத்தில் பொந்துகள் நிறைந்த பழைய சுண்ணப்பாறை வந்துவிடும். அலை ஏற்றவற்றத்தில் கடல்நீர் அதனூடே தடையின்றிப் புகுந்து கலந்துவிடும்.

கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கும் நம்மவர்க்கு இது புதிதன்று. ஊற்றில் மேலாக மொண்டால் இனிக்கும், ஆழத் தோண்டினாலும் அளவுக்கு மீறி இறைத்தாலும் கரிக்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் குழாய்க் கிணறுகளால் அளவு கடந்து இறைத்ததன் பயனாய்க் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி ஏறியதும் இதே நியாயத்தால்தான்.

இந்த நன்னீர் மழையையே நம்பி இருப்பது. கிரிபாட்டியின் வடகோடியில் புட்டாரிட்டாரித் தீவில் ஆண்டுக்குச் சுமார் 120 அங்குல மழை பெய்யும். தென்தீவுகளிலோ ஏறக்குறைய 40 அங்குலமே. அதுவும் சில ஆண்டுகளில் அடியோடு பொய்த்துவிடும். துவாலுவில் 2011 செப்டம்பரில் குடிக்க நீரின்றி அவசர நிலை பிரகடனம் செய்ய நேர்ந்தது. அத்தகைய இடத்தில் எக்காலமும் காலடியில் நீர் வேண்டும் ஒரு சதுப்புப் பயிரை வளர்ப்பது எப்படி? நீரை மேலே ஏற்ற வழியில்லாதபடியால் பயிரைக் கீழே இறக்கினார்கள்.

குழி

தீவின் நடுப்பகுதியில், நன்னீர் தடித்திருக்கும் இடம் பார்த்து, நீர்மட்டம் காணும் வரையில் ஆறடி, எட்டடி, சில இடங்களில் பத்தடியும் வெட்டுவர். மேல்மணலுக்குக் கீழே கெட்டித்துப்போன சுண்ணக் கல் படை குறுக்கிடுவதுண்டு. இரும்புக் கருவி இல்லாத முற்காலத்தில் அதைச் சிப்பியும் மரமும் கொண்டே உடைத்திருக்கிறார்கள். வெட்டிய மண் குழியைச் சுற்றிக் கரையாகக் குவிந்து, தலைமுறைதோறும் உயர்ந்து, இன்று சிறு மேடுகள் போலத் தோன்றுகிறது. குழியின் பரப்பு ஒரு வீட்டின் முற்றமளவிலிருந்து பெரிய வயலளவு வரை இருக்கும். துவாலுவில் பெருங்குழிகளைக் குடும்பங்கள் பங்கு பிரித்து அனுபவிக்கின்றன. கிரிபாட்டியில் நிலமும் குழியும் தனித்தனிச் சொத்தாக எண்ணப்படுகின்றன. ஆகவே ஒருவர் நிலத்தின் நடுவே மற்றொருவர்க்குக் குழி பாத்தியம் இருக்கக்கூடும். பாத்தியதைகளைப் பதிவு செய்யும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு அங்கே எத்தனை வழக்குகள் வந்து சேரும் என்பதை நம்மவர் ஊகித்துக்கொள்ளலாம்.

குழி வெட்டியதுடன் வேலை முடிவதில்லை; ஆரம்பமாகிறது. குழியின் தரையில் உள்ளது வெறுஞ் சுண்ண மணல். அதில் தழைச்சத்து இல்லை; சாம்பற்சத்து மிகக் குறைவு; இரும்பு, மாங்கனீஸ் முதலியவை சிறிதளவு இருப்பினும் சுண்ணாம்பின் காரத்தால் வேருக்கு எட்டாதபடி பூட்டப்பட்டுக் கிடக்கும். அத்தகைய மண்ணில் வெறுமனே நட்ட செடி இலை வெளுத்து மஞ்சளித்து நின்றுவிடும். ஆதலால் மண்ணையே குடியானவன் உண்டாக்கவேண்டியவனாகிறான்.

அவன் செய்வதாவது: குழித்தரையில் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டடி போலச் சிறு பள்ளம் பறித்து, அதில் உலர்த்தி நொறுக்கிய தழையையும் மரத்தடிக் கருமண்ணையும் படைபடையாக இட்டு நிரப்பி, அதன்மேல் நாற்றை நடுவான். நாற்று என்பது தாய்க்கிழங்கின் பக்கத்தில் வெடித்த கன்று, அல்லது கிழங்கை எடுத்துக்கொண்டபின் காம்புகளோடு கூடிய தலைத்துண்டு. செடி பிடித்து நாலைந்து இலை விட்டதும், தாழையோலையாலோ தென்னோலையாலோ முடைந்த அடியில்லாக் கூடை ஒன்றை அதனைச் சுற்றி வளையமாக அமைப்பான். வளையத்துக்கும் செடிக்கும் நடுவே மீண்டும் தழை, மீண்டும் கருமண். சில மாதங்களில் அது மக்கித் தாழும், திரும்பவும் நிரப்புவான். கிழங்கு மேல்நோக்கிப் பெருக்கப் பெருக்க வளையத்தையும் உயர்த்திக் கட்டுவான். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு ஊட்டுவதுண்டு. எருவைக் குழி முழுதும் இறைத்து வீணாக்காமல் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியே ஊட்டுவது இம்முறையின் சிறப்பு. எரு அரிதாயிருக்கும் இடத்தில் இதைவிடச் சிக்கனமான முறை இருப்பதாகத் தோன்றவில்லை.

எந்தத் தழை என்பதிலும் அவர்கள் மிகுந்த தேர்ச்சியுடையவர்கள். கடலோரத்து வெள்ளிலைப் புதர் ஒன்று முதன்மையானது. நம் வரப்புகளில் காணும் அரிவாள்மனைப் பூண்டின் இனத்தைச் சேர்ந்த மஞ்சட்பூச் செடி மற்றொன்று. நம் நாட்டிலும் உள்ள பன்னீர் மரத்தின் இலையும், சீமைப்பலாவின் இலையும் பயன்படும். நெல்வயலுக்குப் பூவரசந் தழையா, வேப்பந் தழையா, எருக்கா என்று நம்மவர் வாதிப்பதுபோல அவர்களும் வாதிப்பர். எத்தழையை எப்பருவத்தில் எத்தனை பங்கு சேர்ப்பது என்பது சில குடும்பங்களில் தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லும் இரகசியம். துருப்பிடித்த தகரத்தையும் இரும்புத் துண்டுகளையும் குழியில் புதைக்கும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. இதைக் கண்டு நகைக்க வேண்டியதில்லை; இரும்புச் சத்துக் குறைவால் வெளுத்த இலைக்கு அதனால் பயன் இருக்கக்கூடும். மக்கிய தழையின் புளிப்பு, பூட்டிய சத்துகளை விடுவிக்கிறது என்பதே இம்முறை முழுவதற்கும் இரசாயன சாஸ்திரம் கூறும் காரணம்.

கிரிபாட்டியில் வகைகள் பல உண்டாயினும் பெரும் பிரிவு இரண்டு. கட்டூட்டூ என்பது கன்றுகளை மிகுதியாக வெடித்துச் சிறு கிழங்கு தருவது. இரண்டு மூன்று ஆண்டுகளில் எடுத்து அன்றாட உணவுக்குக் கொள்வர். இகராவோய் என்பது பெருங்கிழங்கு. பத்தாண்டும் அதற்கு மேலும் வைத்து வளர்த்து, கலியாணத்துக்கும் ஊர்ப்பொது மண்டபத்து விருந்துக்கும் எடுப்பர். யாருடைய கிழங்கு பெரியது என்பதில் ஊரார்க்குப் போட்டி. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது வீண் டம்பமாகத் தோன்றலாம். ஆனால் டம்பத்துக்காகவேனும் ஒவ்வொரு குடும்பமும் பத்தாண்டுக் கிழங்கைத் தரையில் வைத்திருந்தபடியால், மழை பொய்த்துத் தென்னை குரும்பை உதிர்த்த காலத்தில் ஊருக்குச் சோறு இருந்தது. எடுத்த கிழங்கு நெடுநாள் தங்காது. எடுக்காத கிழங்கு ஆண்டுக்கணக்கில் தங்கும். களஞ்சியமே இல்லாத நாட்டில் குழியே களஞ்சியம்.

கிழங்கில் காறல் உண்டு. கருணையிற்போலவே ஊசி போன்ற சுண்ண உப்பு நுண்துகள்கள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். ஆதலால் நெடுநேரம் வேகவைத்தே உண்பர். துவாலுவில் கிழங்கைத் துருவி, இலையில் பொதிந்து ஆவியில் அவித்து, தேங்காய்ப்பாலில் கலந்து செய்யும் ஃபெக்கேய் என்னும் பண்டம் விசேஷமானது. மாவுச்சத்துடன் சுண்ணாம்புச் சத்தும், இரும்பும், துத்தநாகமும் இதில் உண்டு. சதை மஞ்சளாயுள்ள வகைகளில் கண்ணுக்கு நன்மை தரும் ‘ஏ’ வைட்டமினுக்கு மூலமான பொருளும் மிகுந்திருக்கிறதென்று, போன்பேயில் லோயிஸ் எங்ல்பெர்கர் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் வகைவகையாகச் சோதித்துக் காட்டினர். அரிசியும் கோதுமை மாவும் கப்பலில் வந்து குவிந்தபின் அத்தீவுகளில் பிள்ளைகளுக்குக் கண்நோயும் பெரியோர்க்கு நீரிழிவும் பெருகிய காலம் அது; ஆகவே அச்சோதனை ஏட்டளவில் நிற்காமல் ஊர்ப் பிரசாரமாகவும் நடந்தது.

உப்பு

இப்பயிருக்குப் பெரும் பகை உப்பே. வேருக்கு எட்டும் நீரில் உப்பு ஏறினால் முதலில் இலை ஓரம் கருகும். பிறகு கிழங்கு அழுகும். உப்பு இரண்டு வழியாக வரும். நன்னீர் வில்லை மெலிந்து கீழிருந்து ஏறுவது ஒன்று. புயலிலும் பேரலையிலும் கடல் கரை தாண்டி மேலிருந்து பாய்வது மற்றொன்று. இரண்டாவதே கொடியது. தீவின் மற்றெல்லா இடத்தையும்விடத் தாழ்ந்தது குழியாகையால், பாய்ந்த நீர் அங்கேயே வந்து தேங்கும். தேங்கி, கனத்தால் கீழிறங்கி, அடியிலுள்ள நன்னீரையும் கெடுக்கும். நீரருகே இருப்பதற்காக எடுத்த ஆழமே அப்போது கேடாக முடிகிறது.

2005ஆம் ஆண்டு குக் தீவுகளைச் சேர்ந்த புக்காப்புக்காவைப் பெர்ஸி என்னும் புயல் தாக்கியபோது சேம்புச் சதுப்புகளில் கடல் புகுந்தது. நன்னீர் மறுபடி குடிக்கத்தக்கதாக ஏறக்குறைய 11 மாதம் ஆயிற்று. 2008 டிசம்பரில், புயலே இல்லாமல், தொலைவிலிருந்து வந்த பேரலைகள் உயர்ந்த ஓதத்துடன் சேர்ந்து மைக்ரோனீசியாவின் தாழ்ந்த தீவுகளில் புகுந்து கிழங்கு நிலங்களைப் பாழாக்கின. 2015 மார்ச்சில் பாம் என்னும் சூறாவளியின் அலைகள் துவாலுவில் நூயி முதலிய தீவுகளின் புலாகாக் குழிகளை நிரப்பின. நெல்லாயின் அடுத்த பருவத்தில் மீளலாம். இங்கே மழை உப்பைக் கழுவி முடியும் வரை காத்திருந்து, அழுகியதை அகற்றி, புதிதாகத் தழையிட்டு, எங்கிருந்தேனும் கன்று தேடி நட்டு, பின்னும் இரண்டு மூன்று ஆண்டு பொறுக்கவேண்டும், பெருங்கிழங்குக்குப் பத்தாண்டு.

மனிதர் செய்த சேதமும் உண்டு. துவாலுவின் தலைநகரான பூனாஃபூட்டியில் 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை வந்திறங்கி விமானத் தளம் அமைத்தது. இருந்தவற்றுள் நல்ல நடுநிலம் ஓடுபாதைக்குப் போயிற்று; அதனடியில் புலாகாக் குழிகளும் போயின. ஓடுபாதைக்கு வேண்டிய பவளக் கல்லை வேறிடங்களில் தோண்டிய பள்ளங்கள் எழுபதாண்டுக்கு மேல் உப்பங்கழிகளாகவும் குப்பை மேடுகளாகவும் கிடந்து, 2015இல்தான் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டன. துவாலுக் குழிகளின் உப்பை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, தலைநகர்த் தீவில் சோதித்த குழிகளிற் பெரும்பாலானவை இப்பயிருக்கு உதவாத நிலையில், அல்லது உதவுமோ உதவாதோ என்னும் எல்லையில், இருந்ததைக் காட்டிற்று. வெளித்தீவுகளில் நிலைமை அவ்வளவு மோசமாயில்லை. குழிக்குக் குழி அளவு வேறாயிருந்ததையும் கவனிக்க வேண்டும்; ‘தீவு கெட்டது’ என்று பொதுவாகப் பேசுவதைவிட, இந்தக் குழி ஆகும், அந்தக் குழி ஆகாது என்று அளந்து குறிப்பதே குடியானவனுக்கு உதவும். கடல்மட்டம் உயர்ந்து வரும் இக்காலத்தில் அவ்வளவைத் திரும்பத் திரும்ப எடுத்தாக வேண்டும்.

கிரிபாட்டியின் தராவாவில் பப்புவானா என்னும் வண்டும் சேர்ந்துகொண்டது. இது நம் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் சுற்றம். மக்கும் குப்பையில் முட்டையிட்டுப் பெருகி, வளர்ந்த வண்டு கிழங்கைத் துளைக்கும். துளை வழியே அழுகல் புகும். தழையே உரமாக இடும் பயிராகையால் குப்பையை அறவே ஒழிப்பதும் கூடாத காரியம். வண்டு இல்லாத தீவுக்குக் கன்றும் மண்ணும் கொண்டுசெல்லாமல் தடுப்பதே கைகண்ட வழி.

சிமெண்டுத் தொட்டியும் உயர்த்திய பாத்தியும் அமைத்து அடியிலிருந்து உப்பு ஏறாதபடி வளர்க்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. அவற்றுக்கு மேலிருந்து நீர் ஊற்றவேண்டுமாகையால், மழைநீர்த் தொட்டி உள்ள வீட்டுக்கே அவை இசையும்; ஊர் முழுதுக்கும் சோறிட அவற்றால் ஆகுமா என்பது சந்தேகமே. மற்றொரு முயற்சி, தீவுதோறும் உள்ள வகைகளைத் திரட்டிக் காப்பது. பிஜித் தீவின் சுவா நகரில் பசிபிக் நாடுகளின் பொது ஸ்தாபனம் ஒன்று இவ்வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் சிறு நாற்றுகளாக வளர்த்துப் பாதுகாக்கிறது. அங்கே வளரும் நாற்றில் மண் ஒட்டியிராததால் வண்டும் உடன்வராது; கன்று இழந்த தீவு கேட்டால் அனுப்பவும் இயலும்.

நம் நாட்டில் இதைப் பயிரிடலாகுமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நீர் தேங்கும் நிலத்தில் நெல் விளையும் நமக்கு, மூன்றாண்டு காத்திருந்து கிழங்கெடுக்க வேண்டிய அவசியமில்லை. புதிய நாட்டுக் கன்றுடன் புதிய வண்டையும் வரவழைப்பது விவேகமும் ஆகாது. ஆனால் செடியைச் சுற்றி ஓலை வளையம் கட்டித் தழை ஊட்டும் முறையை, மணற்பாங்கான கடலோரக் கொல்லைகளில் சேனைக்கும் சேம்புக்கும் இரண்டொரு குழியில் செய்து பார்ப்பதில் செலவு ஒன்றுமில்லை. பழைய தென்னோலையும் வேலியோரத்துத் தழையும் போதும். தழையை உலர்த்தி நொறுக்கியே இடவேண்டும்; பச்சையாக இட்டால் மக்கும்போது எழும் சூடு இளங்கன்றைக் கெடுக்கும். தேங்காய் காய்க்கும் தோப்பாயின், வளையத்தைக் கோடைமுடிவில் கிளறி, காண்டாமிருக வண்டின் புழு இருந்தால் பொறுக்கி அழித்துவிட்டு மறுபடி நிரப்புக.